ஏனுங்க என்றொரு குறுக்குவழி

கலாவதி ஒரு நாளைக்கு எத்தனை முறை 'ஏனுங்க' என்று சொல்கிறாள் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை அவள் போன் எண்ணிச் சொன்னது. நாற்பத்து மூன்று முறை. அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்குள்.

அந்த நாற்பத்து மூன்றும் போய் விழுந்த இடம் அவள் வீட்டுக்காரர் மாரிசாமியின் காது. எஸ்டேட் பிக்கப் வண்டி ஓட்டும் அந்த நல்ல மனிதர் அன்றைக்குப் பட்டது நாய் படாத பாடு. ஆனால் அங்கிருந்து ஆரம்பித்தால் கதை பாதியில் ஏறிய பஸ் மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் முன்னாலிருந்து வருவோம்.

ஏற்காடு மலையில், நாகலூரில் அவர்கள் வேலை பார்க்கும் எஸ்டேட்டில் மேக்காடு என்று ஒரு பகுதி உண்டு. காப்பிப் பழம் எடுக்கும் மாதங்களில், ஆட்கள் வருவதற்கு முன்பே ஒருவர் தனியாக அங்கே ஏறிப் போக வேண்டும். எந்த வரிசையில் பழம் சிவந்திருக்கிறது, எது இன்னும் காயாகவே நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அது மேஸ்திரியின் வேலை. பதினெட்டு வருடம் அதைப் பார்த்தவர் காளியண்ணன். போன மாதம் மூடுபனிக்குள் ஒரு காட்டெருமை எதிரே வந்து நிற்க, மனிதர் ஓடினார். 'காட்டெருமையைக் கண்டால் ஓடாதே' என்று ஊருக்கே பாடம் எடுத்தவர் அவர்தான். விழுந்து முட்டி பெயர்ந்து, இரண்டு கையும் முள்ளில் சிக்கி, சட்டைப்பையில் போன் இருந்தும் எடுக்க வழியில்லாமல் இரண்டு மணி நேரம் புதரில் கிடந்தார். அதோடு வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டார்.

அந்த வேலையைக் கலாவதி கேட்டாள். இருபது வருடம் பிறர் காட்டிய வரிசையில் நின்று பறித்தவள், இனி தான் வரிசையைக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அந்த எஸ்டேட்டில் பெண் மேஸ்திரி இருந்ததில்லைதான். அதனால் என்ன? வேலை தெரியாதவர்கள் எல்லாம் மேஸ்திரி ஆகிற உலகத்தில், தெரிந்தவள் ஒருத்தி ஆகக் கூடாதா?

எஸ்டேட் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் ரைட்டர் சத்யராஜ் முடியாது என்று சொல்லவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தன் வழக்கமான இரட்டை இருமலை இருமிவிட்டுச் சொன்னார்:

"தனியாப் போற ஆளு கைய வைக்காமயே போன் பேசற மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கோணும்மா. காளியண்ணன் கதைக்குப் பொறவு மொதலாளி உத்தரவு. ஒரு வாரம் போய்ப் பாரு. சனிக்கிழம முடிவு சொல்றேன். சரிப்படலீன்னா ஐயாக்கண்ணு இருக்கான்."

ஐயாக்கண்ணு இருக்கிறான்தான். பழத்தையும் காயையும் வாயில் போட்டு மென்றாலும் வித்தியாசம் தெரியாதவன். அந்தப் பெயரைக் கேட்டதும் கலாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே, ஞாயிற்றுக்கிழமை, மாரிசாமியையும் இழுத்துக்கொண்டு ஏற்காடு ஒண்டிக்கடைக்கு பஸ் ஏறினாள்.

ஒண்டிக்கடையில் ஷபானாவின் போன் கடையைத் தெரியாதவர்கள் குறைவு. கடையின் முன்பாதியில் அவள் அத்தா சையத் இப்ராஹிம் குடை விற்பார். பின்பாதியில் ஷபானா போன் பழுது பார்ப்பாள். பழுது பார்ப்பது சாக்கு. ஒருவர் போனையோ வாட்சையோ நீட்டினால், அதற்கு ஒரு வேலை கற்றுக்கொடுக்காமல் திருப்பித் தர அவளுக்கு மனசு வராது. சேலத்திலிருந்து மலையேறும் மகன் கடைசிக் கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் 'வந்துட்டேன், தோசைக்கல்லப் போடு' என்று அம்மாவுக்குத் தானாகச் செய்தி போகும். லாட்ஜ் சமையல்காரரின் வாட்ச், இட்லி வேகும் நேரம் முடிந்ததும் மணிக்கட்டைத் தட்டும். இப்ராஹிம் பாயின் போன் பள்ளிவாசலுக்குள் நுழைந்தால் ஊமையாகி, வெளியே வந்ததும் வாய் திறக்கும். எல்லாவற்றுக்கும் ஷபானா வைத்த பெயர் ஒன்றுதான்: குறுக்குவழி.

கலாவதியின் மகள் ரம்யா கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அவள் புதுப் போன் வாங்கியதில் பழையது அம்மாவுக்கு வந்திருந்தது. அதை ஷபானாவிடம் நீட்டி, கலாவதி நிலைமையைச் சொன்னாள். ஒரு கையில் குச்சி, ஒரு கையில் குடை. விரலெல்லாம் பழச்சாறு ஒட்டியிருக்கும், அந்த விரலைப் போன் மதிக்கவே மதிக்காது.

"விரலே வேண்டாம்க்கா. ஒரு சொல் சொல்லுங்க, போன் அண்ணனைக் கூப்பிட்டுரும். உங்க குரலுக்கு மட்டும்தான் கேக்கும், வேற யாரு சொன்னாலும் அசையாது. அண்ணன் வண்டி ஓட்டறாருல்ல, அவரு போன் தானாவே எடுத்து, ரெண்டு போனும் சத்தமாப் பேசற மாதிரி வச்சுத் தர்றேன். என்ன சொல் வைக்கலாம்? நீங்க அண்ணனை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"இதென்ன கண்ணு கேள்வி? ஏனுங்கன்னுதான்."

ஷபானாவும் அதையே வைத்தாள். இவளும் அந்த ஊரில் பிறந்தவள், வாடிக்கையாளரை நாள் முழுக்க 'ஏனுங்க' என்பவள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதைத் தேடுகிறவர்கள் உண்டே, அந்தச் சங்கதிதான். கடையில் இருந்த நாலு பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

திங்கட்கிழமை போன் சார்ஜில் கிடந்ததால் பிழைத்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்குப் போகும்போது சேலை மேல் போட்டுக்கொள்ளும் முழுக்கைச் சட்டையின் பையில் (சட்டையும் மாரிசாமியுடைய பழையதுதான்) போனைப் போட்டுக்கொண்டு கலாவதி கிளம்பினாள். குழாயடியில், "ஏனுங்க, இந்தக் கொடம் ஆரோடதுங்க?" என்றாள். மாரிசாமியின் போன் அலறியது. "என்ன புள்ள, காட்டெருமையா?" என்று அவரும் அலறினார். பால்காரரிடம் ஒரு ஏனுங்க. பெட்டிக்கடையில் இரண்டு. மேக்காட்டுக்கு ஏறும் பாதையில் எதிரே வந்த வாட்ச்மேனிடம் ஒன்று. மூன்று முறை மாரிசாமி வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். மூன்றாம் முறை மேக்காடு வரை மூச்சிரைக்க ஓடி ஏறி, அவள் வாட்ச்மேனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். அதற்கப்புறம் போன் எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். டாஷ்போர்டில் கலாவதி பேசிக்கொண்டே இருந்தாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மத்தியானம் மரத்தடியில் தூக்குப்போசியைத் திறந்துவைத்துக்கொண்டு, தன்னோடு பழம் பறிக்கும் வள்ளியிடம் கலாவதி வாயைத் திறந்தாள்.

"ஏனுங்கக்கா, நம்ம ரைட்டரப் பத்தி ஒண்ணு சொல்றனுங்க. காப்பிச் செடிக்கும் கள்ளிச் செடிக்கும் வித்தியாசம் தெரியாத மனுசனுங்க அவரு. தொப்பிய மட்டும் நேரா வச்சுக்குவாரு. போன வருசம் மேக்காட்டுல பச்சக் காயெல்லாம் புடுங்கச் சொல்லிப்போட்டு, அப்புறம் களத்துல பாத்து 'ஏம்மா இது செவக்கல'ன்னு கேட்டாருங்களே! செவக்கறதுக்கு அது என்ன, வெத்தல போட்ட வாயா?"

சொன்னது மட்டுமா? தொப்பியைச் சரிசெய்வது போல நடித்து, அந்த இரட்டை இருமலையும் இருமிக் காட்டினாள். வள்ளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அப்போது சட்டைப்பைக்குள்ளிருந்து ஓர் இருமல் வந்தது. இரட்டை இருமல்.

கலாவதி எடுத்த கவளத்தைப் போசியிலேயே போட்டாள். பையைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளேயிருந்து ரைட்டரின் குரல் மிக நிதானமாக, "சாப்புடும்மா, சாப்புடு. அப்புறம் பேசிக்கலாம்" என்றது. மாரிசாமி அவரை ஏற்காட்டுக்கு ஏற்றிக்கொண்டு போகிற நேரம் அது.

சாயங்காலம் ரைட்டர் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குப் பரவாயில்லை. அவர் கோபப்படவில்லை. "என்னப் பேசுனதப் பத்தி ஒண்ணுமில்ல. பச்சக் காய் சங்கதி நெசந்தான். ஆனா ஒரு நாளைக்கு நாப்பது தடவ கத்தற போன, நெசமாலுமே ஆபத்து வந்தா ஆரு நம்புவாங்க? புலி வருது கதையாயிரும். சனிக்கிழம காலைல ஏழரைக்கு நான் மாரிசாமி வண்டில உக்காந்திருப்பேன். மேக்காட்டுல இருந்து உன்ற போன் ஒழுங்கா ஒருக்கா வரோணும். வரலீன்னா ஐயாக்கண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை என்பதுதான் கலாவதிக்கு எரிச்சல்.

புதன்கிழமை மறுபடியும் ஒண்டிக்கடை. ஷபானா தலையில் அடித்துக்கொண்டு, விழுந்து விழுந்து சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்தாள்.

"'ஐயோ' வைக்கலாமாக்கா?"

"அது ஏனுங்கவ விட அதிகம் கண்ணு."

"'ஆத்தா'?"

"உக்காந்தா ஆத்தா, எந்திரிச்சா ஆத்தா. வேணாம்."

"இங்கிலீசுல ஹெல்ப்புன்னு?"

"காட்டெரும முன்னால நிக்கறப்ப எனக்கு இங்கிலீசு வருமா? நீ வேற."

ஷபானா பேனாவைக் கடித்தாள். "நீங்க வேற யார்கிட்டயும், எப்பவும் சொல்லாத சொல்லா இருக்கணும். பயத்துலயும் வாயில வரணும். அப்படி ஒண்ணு இருக்குமா?" என்று முனகிக்கொண்டே போனைத் தடவியவள், "ரம்யா இதுல 'அப்பா'ன்னுதான் போட்டு வச்சிருக்கா. அண்ணன் முழுப்பேரு என்னக்கா?" என்று கேட்டாள்.

கலாவதி வாசலைப் பார்த்தாள். மாரிசாமி, இப்ராஹிம் பாயிடம் குடைக்கம்பியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தினாள். "அம்மன் பேரு ஒண்ணு, மழைக்கு வேண்டிக்குவமே. அதுக்குப் பொறவு கோயில்ல போயி கும்புடறமே, அது."

ஷபானா அவளையே பார்த்தாள். பேனா மேசையில் விழுந்தது. "அக்கா. கெடச்சிருச்சு."

புரிந்ததும் கலாவதி எழுந்தே விட்டாள். "போ கண்ணு, உனக்குக் கிறுக்கு."

கல்யாணமான இருபத்தேழு வருடத்தில் அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால் "கார்டுல இருக்குதுங்க" என்பாள். பேங்கில் கேட்டால் இப்படித்தான் விடுகதை போடுவாள். நாகலூரில் பிள்ளைகளை எல்லோரும் 'வா சாமி, போ சாமி' என்றுதான் கொஞ்சுவார்கள். கலாவதி மட்டும் கண்ணு என்பாள், ஏனென்றால் சாமி அவர் பெயரில் பாதி. சாமி கும்பிடப் போகிறேன் என்றுகூடச் சொல்ல மாட்டாள். கோயிலுக்குப் போயிட்டு வர்றேன், அவ்வளவுதான்.

"பேரச் சொன்னா அவருக்கு ஆயுசு கொறையும்" என்றாள்.

"காட்டெருமை முன்னாடி நிக்கப்போறது நீங்கக்கா. ஆயுசு யாருக்குக் குறையும்?"

உண்மையைச் சொன்னால், ஆயுசுக் கணக்கைக் கலாவதியே முழுசாக நம்பவில்லை. வெட்கம்தான். வெறும் வெட்கம். ஊரெல்லாம் போட்டு உருட்டுகிற பெயர் அது. எஸ்டேட்டில் ஆளாளுக்கு 'யோவ் மாரிசாமி' என்று கூப்பிடுகிறார்கள். அவள் மட்டும் அதை உருட்டாமல், அழுக்குப் படாமல் உள்ளே வைத்திருந்தாள். அதை எடுத்து ஒரு போனுக்கா கொடுப்பது? ஐயாக்கண்ணு மேக்காட்டில் நின்று பச்சைக் காயைப் பறிக்கச் சொல்லும் காட்சி கண்முன் வந்தது. கலாவதி மறுபடியும் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க," என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள், "போயி ஒரு டீ குடிச்சுப்போட்டு வாங்க. மெதுவாவே வாங்க."

அவர் போனதும் ஷபானா காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்று முறை சொல்ல வேண்டும். கலாவதி முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னாள். 'சரியாகக் கேட்கவில்லை, மீண்டும் சொல்லவும்' என்றது திரை. அதற்கு என்ன, சொல்லும். முந்தானையை எடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்து, ஆக மொத்தம் ஆறு முறை சொன்னாள். முடித்தபோது மலையேறி வந்தவள் போல வியர்த்திருந்தாள்.

பஸ்ஸில் மாரிசாமி கேட்டார். "என்ன வார்த்த புள்ள வச்ச?"

"அது எதுக்கு உங்களுக்கு? அடிச்சா ஓடி வாங்க, போதும்."

"கருப்பட்டியா? கத்திரிக்காயா?"

"பேசாம வாங்க."

வியாழன் போன் அடிக்கவில்லை. வெள்ளியும் அடிக்கவில்லை. நாற்பத்து மூன்று தடவை அடித்தபோது திட்டியவருக்கு, அடிக்காமல் இருப்பது அதைவிட வேதனையாக இருந்தது. "வேலை செய்யுதா பாரு, ஒருக்கா கூப்புட்டுத்தான் பாரேன்" என்று நச்சரித்தார். வீட்டுக்குள் அவர் முகத்துக்கு நேராக அதைச் சொல்வதா? கலாவதி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை ஏழு இருபதுக்கு மேக்காட்டின் உச்சிப் பாறையருகே அவள் நின்றாள். போன் டவர் நன்றாகக் கிடைக்கும் இடம். மூடுபனி பத்தடிக்கு மேல் எதையும் காட்டவில்லை. கீழே எங்கேயோ பிக்கப் வண்டி உறுமிக்கொண்டு நிற்பது மட்டும் கேட்டது. உள்ளே மாரிசாமி. பக்கத்திலேயே ரைட்டர், தொப்பியோடு, காதைத் தீட்டிக்கொண்டு. அதை நினைத்ததும் கலாவதியின் நாக்கு ஒட்டிக்கொண்டது.

சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆள் இல்லை. வாயைத் திறந்தாள். "ஏனுங்க" என்று வந்தது. பழக்கதோஷம். போன் அசையவில்லை, அதுதான் மாற்றியாகிவிட்டதே. தொண்டையைச் செருமிக்கொண்டு, "மா..." என்று ஆரம்பித்து, சிரித்துவிட்டாள். ஏழு இருபத்தெட்டு. இந்த ஒரு சொல்லால் வேலை போகப் போகிறதே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

வலப்பக்கம் செடிகள் முறிந்தன. நாய் என்று நினைத்தாள். நாய் அவ்வளவு உயரத்தில் மூச்சு விடாது. பனி கொஞ்சம் விலகியபோது முதலில் தெரிந்தது நாலு வெள்ளைக் கால்கள். அதற்கு மேலே மிச்சமெல்லாம் கறுப்பு. ஒற்றைக் கொம்பன் காளை, தலையைத் தாழ்த்திக்கொண்டு, இருபதடி தூரத்தில்.

ஓடாதே. காளியண்ணன் சொன்னதைச் செய்தாள், அவர் செய்ததைச் செய்யவில்லை. மிளகுக்கொடி படர்ந்த மரத்துக்குப் பின்னால் ஒவ்வோர் அடியாக நகர்ந்தாள். "ஐயோ" என்றது வாய். "ஆத்தா" என்றது. இரண்டும் அவள் காலடியிலேயே விழுந்தன. காளை ஒரு காலால் மண்ணைக் கிளறியது.

"மாரிசாமி" என்றாள் கலாவதி.

தெளிவாகத்தான் சொன்னாள். சட்டைப்பையில் 'டிங்' என்று ஒரு சத்தம். மறுமுனை எடுத்துக்கொண்டது. ஒருவரும் பேசவில்லை. வண்டி உறுமுவது மட்டும் கேட்டது.

"மாரிசாமி, கேக்குதா? காட்டெரும. பாறைகிட்ட. மாரிசாமி!"

அப்போதும் பதில் இல்லை. பிறகு ரைட்டரின் குரல் வெடித்தது. "யோவ், வண்டிய எடுய்யா! என்னய்யா செல மாதிரி உக்காந்திருக்க? எடு எடு எடு!"

ஆரன் சத்தம் மலையையே எழுப்பிக்கொண்டு ஏறி வந்தது. காளை காதை ஆட்டியது. அதற்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஒரு வாய் புல்லைக் கடித்துக்கொண்டு, திரும்பி, சரிவில் இறங்கிப் போனது. அதன் முதுகு பனியில் கரையும் வரை கலாவதி மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வண்டி வந்து நின்றதும் முதலில் இறங்கியவர் ரைட்டர். அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, முழுசாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் இரண்டு முறை இருமினார்.

"சொல்லுங்க மேஸ்திரி. இன்னைக்கி எந்தப் பக்கம் எடுக்கலாம்?"

மேஸ்திரி! கலாவதி குச்சியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். "கீழ் நாலு வரிச நல்லாச் செவந்திருக்குதுங்க. பாறைப் பக்கம் நொம்பக் காயிங்க, இன்னும் ஒரு வாரம் தொடவே கூடாதுங்க."

"தொடல, தொடல" என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கீழ் வரிசைகளைப் பார்க்க அவர் இறங்கிப் போனார்.

மாரிசாமி இன்னும் ஸ்டியரிங்கை விடவில்லை. கண்ணாடியில் வழிகிற பனித்துளியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கலாவதி கதவைத் திறந்து ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து, படபடவென்று பொரிந்தாள்.

"ஏனுங்க, போன் எடுத்தா வாயத் தொறந்து பேச மாட்டீங்களா? இங்க உசுரு போற நேரத்துல ஊமக்கொட்டானாட்ட..."

"டவர் சரியில்ல புள்ள" என்றார் மாரிசாமி. அவர் காது மடல் சிவந்திருந்தது. "பாதிதான் கேட்டுச்சு. என்னமோ பேரு மாதிரி இருந்துச்சு. இன்னொருக்கா சொல்லு, பாப்பம்."

ரைட்டர் எங்கே என்று கலாவதி எட்டிப் பார்த்தாள். தொப்பி பனிக்குள் மறைந்திருந்தது. அப்புறம் மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.

டாஷ்போர்டில் கிடந்த அவர் போன் அலறி, தானாகவே எடுத்துக்கொண்டது. அவள் சிரித்த சிரிப்பு அவருக்குப் பக்கத்திலிருந்து ஒரு தடவையும் போனிலிருந்து ஒரு தடவையும் கேட்டது. கட் பண்ண அவர் கையை நீட்டவே இல்லை.